ஆறாம் நாற்காலியின் கூட்டுத்தொகை

முதலில் இடித்தது ஒன்றரைக் கிலோ.

பாசாரில் உரித்துத் தொங்கவிட்ட ஒரு கோழியின் எடை, அவ்வளவுதான். வேறு யாராயிருந்தாலும் தராசைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெர்னிஸ் போகவில்லை. ஒரு கணக்கு உதைத்தால் அது ஏன் உதைக்கிறது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அதற்குத்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

கிள்ளானில், ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் நிலையம். கதவைத் தள்ளினால் முதலில் முகத்தில் அறைவது குளிர். அடுத்தது மெஷின்களைக் கழுவுகிற மருந்தின் காடி நெடி. அதற்கும் பிறகு, வரிசையாக நிற்கும் மெஷின்கள் எல்லாம் சுர்ர்... சுர்ர்... என்று பம்பைச் சுற்றிக்கொண்டு மனிதர்களின் ரத்தத்தை வெளியே இழுத்து, சலித்து, மறுபடி உள்ளே அனுப்புகிற, எப்போதும் ஓயாத சத்தம். வாசல் பக்கத் தரையில் சக்கர நாற்காலியோடு ஏறுகிற அளவுக்கு அகலமான ஓர் இரும்புத் தகடு பதித்திருந்தது. அதுதான் தராசு. பக்கத்துக் கொக்கியில் தொங்கும் அவரவர் அட்டையை எடுத்துச் சுவரிலுள்ள கருவியில் காட்டினால் 'பீப்'. தகட்டில் ஏறினால் 'டொக்'. இறங்கினால் இன்னொரு 'டொக்'. எடை தானாகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை.

சிறுநீர் போகாத உடம்பில் தேங்கின தண்ணீரை மெஷின் எடுக்கும். எவ்வளவு எடுக்கவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக் கழித்தல். வந்த எடையிலிருந்து, தண்ணீரெல்லாம் போனபிறகு இருக்கவேண்டிய எடையைக் கழி. மிச்சம்தான் தண்ணீர்.

பெர்னிஸின் அம்மா வெரோனிகா அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தபோது அறுபத்திரண்டு. இருக்கவேண்டியது ஐம்பத்தொன்பதரை. மெஷின் எடுத்தது இரண்டரை. முடித்துக்கொண்டு தகட்டில் ஏறினால், ஐம்பத்தெட்டு.

"மிஸி, மெஷின் கூட எடுத்துருச்சு," என்றாள் பெர்னிஸ்.

தலைமைத் தாதி குமுதா வந்து மெஷினின் முகத்தைப் பார்த்தாள். "எங்க கூட எடுத்துருக்கு? ரெண்டரைதான் காட்டுது. நீயே பாருலா."

"அப்ப மிச்சம் ஒன்றரை எங்க போச்சு?"

"வேர்த்துருக்கும்."

"இந்தக் குளிர்ல? மம்மிக்கு மூணு போர்வை போத்தியிருக்கீங்க மிஸி!"

குமுதா அடுத்த நோயாளியின் அட்டையை எடுத்தாள். வெரோனிகாதான் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். உதடு வெடித்திருந்தது. "விடும்மா. வீட்டுக்குப் போலாம். பக்கத்துல உக்காந்து யாரோ ஐஸ் கடிச்சிக்கிட்டே இருந்தாங்க. நறுக்கு நறுக்குன்னு. அதக் கேட்டு எனக்குத் தாகம் தாங்கல."

அவள் உட்கார்ந்திருந்த ஆறாம் நாற்காலி மூலையில், ஜன்னலோரம், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் உட்கார இடமே இல்லை.

அந்த நாற்காலி கிடைத்ததே பெரிய கதை. அதுவரை வெரோனிகாவுக்குப் பூச்சோங்கில்தான் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், போக வர வாடகைக் கார். அப்பா ரேமண்ட் சரக்கு லோரி ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அவர் சாவோடு போய்விட்டது. ரெண்டு தடவை காரில்லாமல் போய், தண்ணீர் நெஞ்சில் ஏறி, வெரோனிகா பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். சொந்தக்காரர்கள் வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு, 'பொண்ணு யுனிவர்சிட்டி முடிச்சவதானே, பாத்துக்குவா' என்று சொல்லிப் போனார்கள். பெர்னிஸ் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இந்தத் தர்ம நிலையத்துக்குச் சும்மா ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள்: யார் எந்த நாற்காலி, என்ன எடை, ஒவ்வொரு நாற்காலியிலும் மொத்தம் எவ்வளவு தண்ணீர் எடுக்கவேண்டும், எல்லாம். அடுத்துக் காலியாகும் இடம் அம்மாவுக்கு என்று நிர்வாகத்திடம் வாய்விட்டே கேட்டாள். தருகிறோம் என்றார்கள்.

இடம் காலியாக வேண்டுமென்றால் ஒருவர் சாகவேண்டும். அதைக் கேட்கும்போது பெர்னிஸுக்கும் தெரியும்.

வள்ளியம்மா செத்தாள். ஆறாம் நாற்காலி, செவ்வாய், வியாழன், சனி, சாயங்கால வேளை. வாய்க்குள் எப்போதும் ஒரு ஐஸ் கட்டி, மூட்டில் எப்போதும் தைலம். தண்ணீர் குடிக்கக்கூடாத உடம்பு அது. ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பைக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒரு முடக்குத் தண்ணி குடேன் தங்கம்," என்று கையை நீட்டுகிற பொம்பளை. பெர்னிஸ் எழுதிய புரோகிராமில் செத்த முதல் ஆள்.

ஆனால் நாற்காலியைக் கொடுக்கவில்லை. அங்கே ஒரு வழக்கம். ஒருவர் செத்தால் ஒரு மாசத்துக்கு அந்த வேளையில் அந்த நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது. பேரை எடுக்கக்கூடாது. கொக்கியில் தொங்கும் அட்டையை எடுக்கக்கூடாது. எடைக் கட்டத்தில் ஒன்றும் எழுதக்கூடாது, சைபர்கூட. அப்படியே காலியாக விட்டுவிட வேண்டும். யார் தொடங்கினார்களோ, சீனத் தாதி, மலாய்த் தாதி, தமிழ்த் தாதி எல்லோரும் வாய் பேசாமல் அதைச் செய்தார்கள்.

"எதுக்கு மிஸி?" என்று பெர்னிஸ் கேட்டதற்குக் குமுதா தோளைக் குலுக்கினாள். "எனக்கு என்னா தெரியும்? நான் வந்தப்பவே அப்டித்தான். காலியா வுட்டாதான் போவாங்களாம்."

"ஒரு நாற்காலி சும்மா கெடக்கு, எங்கம்மாவைக் கார்ல ஏத்திக்கிட்டு பூச்சோங் போறோம். நல்லா இருக்கே உங்க நியாயம்!"

கத்தித்தான் வாங்கினாள். நிர்வாகம் சரி என்றது. ஆனால் கம்ப்யூட்டர் சரி என்று சொல்லவில்லை. வள்ளியம்மாவின் எடை காலி. அதனால் அவளுடைய தண்ணீர்க் கணக்கு காலி. அதனால் ஆறாம் நாற்காலியின் கூட்டுத்தொகையே காலி. தொகை இல்லாத நாற்காலியில் புதுப் பேர் ஏறாது. காலியோடு எதைக் கூட்டினாலும் காலிதான். இது கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை, நேர்மை. சைபர் என்பது ஒரு பதில்: அளந்தோம், ஒன்றும் இல்லை. காலி என்பது அளக்கவே இல்லை என்பது. தெரியாததைத் தெரிந்ததோடு சேர்த்தால் வருவதும் தெரியாததுதான். இதை முதல் வருஷத்திலேயே பெர்னிஸ் படித்திருந்தாள். பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கியிருந்தாள்.

ஆனாலும் அன்று சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு வருகிற கொம்யூட்டர் புறநகர் ரயிலில், நிற்க இடமில்லாமல், ஒரு கையில் கம்பியும் மறு கையில் மடிக்கணினியுமாக, யாரோ ஒருவரின் முதுகில் சாய்ந்துகொண்டு, சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

எடை காலியாக இருந்தால், சைபர் என்று எடுத்துக்கொள்.

தொகை வந்தது. என்ன தொகை என்று அவள் பார்க்கவில்லை. வெரோனிகாவின் பெயர் ஆறாம் நாற்காலியில் ஏறியது.

வியாழக்கிழமை பெர்னிஸ் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்தின் படி ஏறினாள். மூட்டையைத் தகட்டில் போட்டாள். டொக். பத்து. எடுத்தாள். டொக். சைபர். மறுபடி போட்டாள். பத்து.

"என்னா சிஸ், அரிசிக்கும் கிட்னி போயிருச்சா?" என்றான் மெஷின்களைப் பார்க்கிற தனேஷ்.

"வாயை மூடிக்கிட்டு மெஷினைப் பாரு."

அவன் பார்த்தான். அளவுக் குடுவையில் பிடித்தே காட்டினான். மெஷினும் சரி. அன்று வெரோனிகா வந்தது அறுபது. எடுக்கவேண்டியது அரைக் கிலோ. அரைக் கிலோதான் எடுத்தது. பெர்னிஸ் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அம்மாவின் விரல்கள் போர்வைக்கு மேல் ஜெபமாலையை உருட்டுவதையும், ஊசி குத்திய இடது கையிலிருந்து ரெண்டு குழாய்கள், ஒன்று போக ஒன்று வர, கருஞ்சிவப்பாய்த் துடிப்பதையும், கால் ஆடுசதை திடீரென்று சுருட்டிக்கொண்டு அம்மா பல்லைக் கடிப்பதையும் பார்த்தாள். திரைக்குள்ளே எங்கிருந்தோ தைலத்தின் வாசம் வந்தது. பழைய தைலம், ஈரத் துணியில் ஊறிக் காய்ந்து மறுபடி ஊறின மாதிரி. வெரோனிகா தைலம் தேய்ப்பதில்லை.

முடிந்து தகட்டில் ஏற்றினார்கள். ஐம்பத்தைந்தரை.

நாலு கிலோ காணோம்.

இந்தத் தடவை குமுதா வேர்த்திருக்கும் என்று சொல்லவில்லை. வெரோனிகாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோல் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. "டாக்டர்கிட்ட சொல்றேன். தண்ணி எடுக்குறதக் கொறைச்சுப் பாக்கலாம்," என்றாள். சொல்லிக்கொண்டே அவள் கண் கொக்கிகளின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"மம்மி, ஐஸ் கடிக்கிற சத்தம் கேட்டுச்சா இன்னைக்கும்?"

"இன்னைக்குக் கடிக்கல," என்றாள் வெரோனிகா. நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வழுக்கியது. "இன்னைக்குக் குடிச்சாங்க."

வெள்ளிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசம் கொதிக்கிற வாசம் மேலே ஆபீஸ் வரைக்கும் ஏறிவந்துகொண்டிருந்தது. வெளியே வெயில், பூமாலைக் கடைக்காரர் தண்ணீர் தெளிக்கிறார், ரோட்டில் ஹாரன். பயப்படுவதற்கு ஏற்ற இடமே இல்லை. பெர்னிஸ் ஆபீஸ் வேலையை ஒதுக்கிவிட்டு ஆறாம் நாற்காலியைத் திறந்தாள்.

வெரோனிகா. அதற்குக் கீழே வள்ளியம்மா.

வள்ளியம்மாவின் இப்போதைய எடை சைபராக இருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை ஒன்றரை என்று இருந்தது. வியாழக்கிழமை ஐந்தரை.

ஒன்றரை. அப்புறம் ஒரு நாலு.

முதுகில் வெயில் பட்டுக்கொண்டிருந்தும் அவளுக்கு அந்த நிலையத்தின் குளிர் அடித்தது. ஒரு விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே வள்ளியம்மாவின் கழித்தலைப் படித்தாள். வந்த எடை, ரயிலில் அவள் போட்ட சைபர். இருக்கவேண்டிய எடை நாற்பத்தெட்டு. எடுக்கவேண்டிய தண்ணீர், கழித்தல் நாற்பத்தெட்டு.

கழித்தல் என்றால் எடுப்பது இல்லை. கொடுப்பது.

காலியாக இருந்தவரைக்கும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் பாக்கியும் இல்லை. பெர்னிஸ்தான் அந்தப் பொம்பளையைத் தராசில் ஏற்றி, உனக்கு ஒன்றும் இல்லை என்று அளந்து சொல்லி, இவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்று எழுதியும் வைத்திருக்கிறாள். எந்த நாற்காலிக் கணக்கில்? அம்மா உட்காரும் நாற்காலிக் கணக்கில்.

'சீ, பைத்தியமே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எவனோ விளையாடுகிறான். அந்தத் தனேஷ்தான். வள்ளியம்மாவின் பேரை அட்டவணையிலிருந்து அழிக்கப் போனாள். திரையில் அவளே எழுதிய வாசகம் வந்தது.

சிகிச்சையில் இருக்கிறார். நீக்க முடியாது.

வந்த எடை போட்டவர் போகும் எடை போடும்வரை அழிக்கக்கூடாது என்று அவளே வைத்த பூட்டு. வள்ளியம்மா செவ்வாய்க்கிழமை தகட்டில் ஏறியிருக்கிறாள். இன்னும் இறங்கவில்லை.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன? எடுத்தால் நாற்காலியின் தொகை காலியாகும். அம்மாவின் பேர் இறங்கிவிடும். பூச்சோங்கில் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. இங்கே வரிசையில் நிற்கிறவர்கள் அவளைவிடச் சத்தமாகக் கத்துவார்கள். ரெண்டு தடவை டயாலிசிஸ் இல்லையென்றால் அம்மா மறுபடி பெரியாஸ்பத்திரி. இந்தத் தடவை திரும்பி வருவாள் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டான்.

வரியை அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிள்ளான் ஆற்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பி, டயர் கடையின் தகர விளம்பரத்தைப் படபடவென்று அடித்து, ஈர மண் வாசத்தையும் ரப்பர் வாசத்தையும் ஒன்றாகக் கலந்து படிக்கட்டு வழியாக மேலே தள்ளியது. வெரோனிகா நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வந்தாள். போன வாரத்துச் சட்டை தோளிலிருந்து நழுவியது.

"அந்த நாற்காலிய விட்ருவோம்டி," என்றாள்.

"விட்டுட்டு? வீட்ல உக்காந்து சாகப் போறீங்களா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

தண்ணீர் எதுவும் எடுக்கவேண்டாம், ரத்தத்தை மட்டும் சுத்தம் பண்ணினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குமுதா ஊசியைப் போட்டாள். குழாய்கள் சிவந்தன. பம்பு சுற்றத் தொடங்கியது. பெர்னிஸ் திரைக்கு வெளியே குமுதாவை இழுத்தாள்.

"மிஸி, நெசத்தைச் சொல்லுங்க. செத்தவங்க பேர்ல எடை போடுறது யாரு?"

"என்னா பேசுற நீ?"

"வள்ளியம்மா எடை அஞ்சரைன்னு இருக்கு. அவங்க அட்டையை யாரோ எடுத்துக் காட்டியிருக்காங்க!"

குமுதா கொக்கியைக் காட்டினாள். அட்டை அங்கேதான் தொங்கியது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. "ஒருத்தரும் தொடல. தொடவே மாட்டோம்." குரல் தாழ்ந்தது. "காலியா விடச் சொன்னேன்ல? நீ அதுல என்னா எழுதுன?"

பெர்னிஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு அலற, குமுதா ஓடினாள். மழை கொட்டத் தொடங்கியது. விளக்குகள் ஒருமுறை மங்கி, மஞ்சளாய் நின்றன. தனேஷ் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டரைப் பார்க்கக் கீழே இறங்கினான்.

பெர்னிஸ் திரைக்குள் வந்து அம்மாவின் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் மழை ஒரே கோடாய் வழிந்தது. மழைக்கும் கீழே, பம்புகளின் மூச்சுக்கும் கீழே, இன்னொரு சத்தம். மெல்லியது. நிதானமானது. கோப்பையைச் சாய்த்து, மூச்சு வாங்காமல், தொண்டை ஏறி இறங்க ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிற சத்தம். கோப்பையில் அடி வரவே இல்லை.

தைல வாசம்.

பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், வாசலோரம்: பீப்.

டொக்.

அவள் திரும்பவில்லை. மடிக்கணினியைப் பார்த்தாள். வள்ளியம்மா, ஏழு. ஏழேமுக்கால். ஒன்பது.

"மம்மி."

வெரோனிகா கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் மட்டும் நகர்ந்தன. ஒரு மணி. அடுத்த மணி. கல்யாண மோதிரம் விரலில் தானாகச் சுழன்று, கணுவைத் தாண்டி, போர்வைமேல் விழுந்தது.

பதினாலு. பதினாறரை.

"மிஸி! குமுதா மிஸி! நிப்பாட்டுங்க!"

"ரெண்டு நிமிசம்! இவருக்குப் பிரஷர் எறங்குது!" அந்தக் கோடியிலிருந்து.

மெஷினை நிறுத்த அவளுக்குத் தெரியாது. குழாயைப் பிடுங்கினால் அம்மாவின் ரத்தம் முழுக்கத் தரையில் போகும். அது மட்டும் தெரியும். இருக்கவேண்டியது ஐம்பத்தொன்பதரை. அதிலிருந்து நாற்பத்தெட்டைக் கழித்தாள். கழிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பதினொன்றரை. கைப்பிள்ளை எடை.

இருபத்து மூன்று.

தகடு முனகியது. பாரம் ஏற ஏற இரும்பு முனகுகிற முனகல். அங்கே யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். நின்றபடியே கனத்துக்கொண்டிருந்தார்கள்.

நீக்கு.

சிகிச்சையில் இருக்கிறார். நீக்க முடியாது.

நீக்கு. நீக்கு.

நீக்க முடியாது.

இருபத்தொன்பது.

அம்மாவின் கன்னம் உள்ளே போய், பல்லின் வரிசை தோலுக்கு மேலாகத் தெரிந்தது. மூடின இமைக்குள் கண் உருண்டை சின்னதாகிக்கொண்டே போனது. "ஒரு முடக்கு..." என்றது வாய். அம்மாவின் குரல் இல்லை அது. திரைக்கு அந்தப் பக்கம், இன்னொரு வாய் அதையே சேர்ந்து சொன்னது. "...குடேன் தங்கம்."

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அழிக்கவேண்டாம். காலியாக்கினால் போதும். காலிக்குப் பாக்கி இல்லை. காலியாக விட்டால்தான் போவார்கள்.

அந்த ஒரு வரி. ரயிலில் எழுதிய வரி. தப்பாய் அடித்து, மறுபடி அடித்து, அதை எடுத்தாள். வள்ளியம்மாவின் எடைக் கட்டத்துக்குப் போனாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. கட்டத்தைத் துடைத்தாள். சைபர் போடவில்லை. ஒன்றும் போடவில்லை.

சேமி.

டொக்.

இறங்கின சத்தம்.

குடிக்கிற சத்தம் நின்றது. தைல வாசம் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி சட்டென்று வடிந்தது. திரையில் வள்ளியம்மாவின் பேருக்கு எதிரே வெறும் வெள்ளை. பெர்னிஸ் விசைகளிலிருந்து கையை எடுத்தாள். போய்விட்டாள். போயே விட்டாள்.

விளக்குகள் பளிச்சென்று வந்தன. கீழே ஜெனரேட்டர் உறுமியது.

திரையில் கடைசிக் கட்டம் ஒருமுறை மினுக்கியது. ஆறாம் நாற்காலியின் கூட்டுத்தொகை. கம்ப்யூட்டர் புதிதாகக் கூட்டிக்கொண்டிருந்தது. வெரோனிகாவையும், வள்ளியம்மாவையும்.

ஒரு காலியையும், அம்மாவையும்.

இதை அவள் படித்திருந்தாள். முழு மார்க் வாங்கியிருந்தாள்.

தொகை வந்தது. வெள்ளை.

மேலே, வெரோனிகா என்ற பேருக்கு எதிரே இருந்த எண் போனது. பிறகு அந்தப் பேர்.

"சாரி பெர்னிஸ், அந்த அங்கிளுக்கு..." குமுதா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள், பெர்னிஸைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கொஞ்சம் எரிச்சல்தான் இருந்தது.

"ஏன்லா மெஷினை ஓட விட்டுருக்க? இந்த நாற்காலிலதான் யாரும் இல்லையே."

பெர்னிஸ் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

மூன்று போர்வைகளும் நாற்காலியோடு தட்டையாக ஒட்டிக் கிடந்தன. ஓரத்தில் மோதிரம். பம்பு சுற்றியது. ரெண்டு குழாய்களும் சூடாக, சிவப்பாக, துடித்துக்கொண்டு, போர்வைக்கு அடியில் ஒன்று போனது, ஒன்று வந்தது.

போர்வையின் மேலே ஜெபமாலை.

அதில் ஒரு மணி நகர்ந்தது. பிறகு, அடுத்தது.